அரைப்பேர்

தொலைபேசியிலே நாம் அழைத்தவர் அகப்படாதபோது, பதிவு செய்து வைக்கப்பட்ட பெண்குரல் ஒன்று மூன்று மொழிகளிலும் வருத்தம் தெரிவிப்பதை வாசகர்கள் கேட்டிருப்பார்கள். என்னுடைய தாயார் அந்தக் குரல் தமிழுக்கு வரும்வரை பொறுமையாகக் காத்திருந்து, "சரிம்மா, பொறகு எடுக்கிறேன்" என்று மறுமொழி கூறிய பின்னரே கருவியைக் கீழே வைப்பார். அது உயிருள்ள பெண்ணல்ல, பதிவு செய்த குரல் என்று ஒருமுறை விளக்க முயன்றேன். "அதுனால என்ன தம்பி? அது நம்மகிட்டப் பேசுது. நாம பதில் சொல்ல வேணாமா?" என்று கேட்டார். அன்று நான் சிரித்தேன். கடந்த ஓராண்டு காலத்திலே நிகழ்ந்தவற்றுக்குப் பின்னர் அவ்வாறு சிரிக்க எனக்கு மனம் வருவதில்லை.

அம்மாவுக்கு எண்பது வயதாகின்றது. ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றிலே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறித்தவர். எழுத்து வாசனை அறியாதவர். சம்பளப் புத்தகத்திலே அவர் வைத்ததெல்லாம் பெருவிரல் அடையாளமே. அவர் பறித்த கொழுந்திலே படித்து, ஆசிரியனாகி, ஓய்வும் பெற்றுவிட்ட நான் நகரிலே வாழ்கிறேன். அவரோ லயத்தை விட்டு வர மறுக்கிறார். என் தங்கை வளைகுடா நாடொன்றிலே வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கிறாள். பதினான்கு வயதான அவளுடைய மகள் பாட்டியோடு அதே லயத்துக் காம்பராவிலே இருந்து பள்ளிக்கூடம் போகிறாள்.

கைத்தொலைபேசியிலே ஒலிவாங்கிப் படத்தை அழுத்திப் பேசினால் அப்பேச்சு அப்படியே கடல் கடந்து சென்று சேரும் வசதி வந்தபோது அம்மா அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. எவர் தயவுமின்றி, எழுதத் தெரிந்த எவரிடமும் கைகட்டி நில்லாமல், மகளிடம் தன் வாயாலேயே பேசுவது அவருடைய வாழ்நாளிலே அதுவே முதல் தடவை. ஆனால் தங்கை வேலை செய்யும் வீட்டின் எசமானி ஒரு விதி வைத்திருந்தாள்: வேலை நேரத்திலே காதில் எதையும் மாட்டக் கூடாது, கூப்பிட்டால் முதற் குரலிலேயே கேட்க வேண்டும். கைகளுக்கும் கால்களுக்கும் மட்டுமல்ல, தங்கையின் செவிகளுக்கும் சேர்த்தே சம்பளம் கொடுக்கப்படுகிறது போலும். அடுப்படியிலே நிற்கும்போது கருவியை எடுத்து நான்கு வரி வாசித்துவிட்டு வைப்பது மட்டுமே அவளால் இயன்றது. "எழுத்தில அனுப்பச் சொல்லுங்கண்ணே" என்றாள்.

எழுதுவது யார்? பேத்திக்குத் தெரியும், ஆனால் பேத்திக்குத் தெரியக்கூடாதவை பல. தகப்பன் பணம் அனுப்புவதை நிறுத்தி ஈராண்டாயிற்று. தாயை வெளிநாடு அனுப்புவதற்கு வாங்கிய கடனுக்கு இன்னும் வட்டி போகின்றது. அம்மாவுக்கு இரவிலே மார்பு வலிக்கின்றது. இவற்றை ஒரு பிள்ளையின் கையால் எழுதுவிக்க அம்மா உடன்படவில்லை. ஞாயிறுதோறும் மட்டும் லயத்துக்குச் செல்பவனாகிய நான், அறிவியலின்மீது பெருநம்பிக்கை உடையவன், இதற்கு வழி கண்டேன். பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் வசதியைக் கருவியிலே அமைத்தேன். எழுதியதை அதுவே பெண்குரலில் வாசித்துக் காட்டவும் ஏற்பாடு செய்தேன். மொழிப் பட்டியலிலே 'தமிழ் (இலங்கை)' என்று தனியாக ஒன்று இருக்கக் கண்டு, அதனைத் தெரிந்தெடுத்தபோது என் நெஞ்சு சற்றே நிமிர்ந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அம்மா முதன்முதலிற் சொன்னது இது: "பெரட்டுக்குப் போன பொண்ணுகளுக்கு அரைப்பேருதான். மத்ததெல்லாம் கொந்தரப்பு. லயத்துக் கூரை ஒழுகுது."

மலையகம் அறியாத வாசகர்களுக்காக இங்கே சில சொற்களை விளக்க வேண்டியுள்ளது. பெரட்டு என்பது காலையிலே தொழிலாளரை ஒன்றுகூட்டி வேலை பிரித்துக் கொடுப்பது. பேர் என்பது வருகைப் பதிவேட்டிலே விழும் ஒருநாட் பெயர். அதுவே ஒருநாட் சம்பளம். குறித்த அளவு கொழுந்து பறிக்காதவளுக்கு அரைப்பேர் போடுவார்கள். நாள் முழுவதும் மலையிலே நின்ற ஒரு முழு மனுஷி மாலையிலே நிறுவைத் தராசின் முன்னர் பாதிப் பெயராகிப் போவாள். கொந்தரப்பு என்பது பேர் இல்லாத ஒப்பந்த வேலை.

கருவி எழுதிக் காட்டியது இது: "புரட்டுக்கு போன பெண்களுக்கு அரை பேரு தான் மற்றதெல்லாம் கொந்தளிப்பு லயத்துக்கு ஊரை ஒழுங்கு."

மறுநாள் தங்கை நடுங்கிக்கொண்டு என்னை அழைத்தாள். "தோட்டத்தில என்னண்ணே கொந்தளிப்பு? அரைவாசிப் பேருக்கு என்ன ஆச்சு?" அவளுக்கு உண்மையை விளக்கிய பின்னர் இருவரும் சேர்ந்து சிரித்தோம். ஒப்பந்த வேலையைக் கொந்தளிப்பு என்றும் பெரட்டைப் புரட்டு என்றும் எழுதிய பொறிக்கு நம்மிலும் மேலான வர்க்க உணர்வு இருக்கிறதென்று நண்பர்களிடம் வேடிக்கையாகவும் சொல்லித் திரிந்தேன். அடுத்த வாரம் அம்மா "மாருவலி" என்று சொன்னதை அது "மாற்று வழி" என்று எழுதியது. அதன்பின் வேடிக்கை குறைந்து போயிற்று.

இப்பொறி எவ்வாறு இயங்குகின்றது என்பதைத் தெரிந்துகொள்ள முயன்றேன். பேச்சொலியை அது ஒரு விநாடியின் நூறிலொரு பங்களவான சிறு துண்டங்களாக நறுக்கி, ஒவ்வொன்றையும் எண்களாக மாற்றுகின்றது. ஆயிரக்கணக்கான மணி நேரப் பேச்சும் அதற்கு நேரான எழுத்தும் முன்னரே அதற்கு ஊட்டப்பட்டுள்ளன. அவற்றிலிருந்து அது கற்றுக்கொண்ட ஒழுங்குகளோடு இவ்வெண்களை ஒப்பிட்டு, எந்த ஒலிக்குப் பின் எந்த ஒலி, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணக்கிடுகின்றது. இரண்டு சொற்கள் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்குமாயின், அடிக்கடி எழுதப்பட்ட சொல்லே வெல்லும். கொந்தளிப்பு செய்தித்தாளிலே நாள்தோறும் வருவது. கொந்தரப்பை அச்சிலே கண்டவர் எத்தனை பேர்? 'லயம்' என்றால் அதற்கு இசைதான் தெரியும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் வரிசையாய் நிற்பது தெரியாது. அம்மாவின் வாழ்க்கை முழுவதும் எந்தச் சொற்களிலே நடந்ததோ அந்தச் சொற்கள் பெரும்பாலும் எழுதப்படாத சொற்கள். எழுதப்படாததை அந்தப் பொறி தவறு என்றே முடிவு செய்து, தனக்குத் தெரிந்த அண்டைச் சொல்லைக்கொண்டு 'திருத்தி' விடுகின்றது.

இந்தக் கலையின் வரலாற்றிலே சுவையான செய்திகள் உள. 1952இலே அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் 'ஆட்ரி' என்றொரு பொறியை அமைத்தனர். பூச்சியம் முதல் ஒன்பது வரையிலான இலக்கங்களை மட்டுமே அது அறியும். அதுவும் யாருடைய குரலுக்கு அது பழக்கப்பட்டதோ அவர் பேசினால்தான் நன்றாக அறியும். பத்தாண்டு கழித்து, 1962இலே, சியாட்டில் நகரத்துப் பொருட்காட்சியிலே ஐ.பி.எம். கொம்பனியார் காட்டிய 'ஷூபொக்ஸ்' 16 சொற்களை அறிந்திருந்தது. பத்து இலக்கங்கள், மற்றவை கூட்டல், கழித்தல், மொத்தம் என்று கணக்குக்கு வேண்டிய கட்டளைகள். மனிதன் பொறிக்கு முதன்முதலிற் கேட்கக் கற்பித்தது கணக்கப்பிள்ளையின் மொழியைத்தான். 2011இலே அப்பிள் கொம்பனியாரின் கைத்தொலைபேசியிலே 'சிரி' வந்தது. 2017இலே கூகிள் கொம்பனியார் தம் குரலுள்ளீட்டிலே தமிழையும் சிங்களத்தையும் சேர்த்தனர். எங்கள் முறை வருவதற்கு ஆட்ரியிலிருந்து அறுபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

வந்த தமிழும் எந்தத் தமிழ்? 'தமிழ் (இலங்கை)' என்ற பெயர்ப்பலகையைத் தொட்டபோதும், 'தமிழ் (இந்தியா)' என்பதைத் தொட்டபோதும் என் தாயாரின் பேச்சுக்கு நேர்ந்த கதியிலே வேறுபாடு எதனையும் நான் காணவில்லை. மலையகத்தார்தாம் இதனால் வருந்துகின்றனர் என்றும் எண்ண வேண்டாம். யாழ்ப்பாணத்து ஆசிரிய நண்பர் ஒருவர், "ஆம்" என்னும் பொருளிலே "ஓம்" என்று அதனிடம் சொன்னார். கருவி அதனைச் சரியாகவே எழுதிவிட்டு, அடுத்த சொல்லாக "நமசிவாய" என்பதை நீட்டியது. நண்பரோ கடவுள் நம்பிக்கை சிறிதும் அற்றவர்.

1960ஆம் ஆண்டுகளின் முற்பகுதியிலே இந்நாட்டுத் தமிழிலக்கிய உலகிலே பேச்சுவழக்கைப் பற்றிப் பெரும் வாதம் நிகழ்ந்தது. தொழிலாளியும் விவசாயியும் தத்தம் மொழியிலேயே கதைகளிற் பேச வேண்டும் என்றனர் முற்போக்கு எழுத்தாளர். அது இழிசனர் வழக்கு என்றனர் மரபு பேணிய பண்டிதர். அந்த வாதத்திலே எழுத்தாளர் வென்றனர் என்றே நான் வகுப்பறையிலே கற்பித்து வந்தேன். பண்டிதர் தோற்கவில்லை, கைத்தொலைபேசிக்குள்ளே குடிபுகுந்து கொண்டார் என்று இப்போது தோன்றுகின்றது. அவருக்காவது தாம் திருத்துகிறோம் என்பது தெரிந்திருந்தது.

ஒருதலைப்பட்சமாக எழுதுகின்றேன் என்று எவரும் எண்ணாதிருக்க ஒன்று கூறல் வேண்டும். என்னோடு படிப்பித்த பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் இப்போது செய்தித்தாளைத் தாமே 'வாசிக்கிறார்'. திரையிலுள்ள எழுத்தை அவருடைய கைத்தொலைபேசி உரத்துப் படித்துக் காட்டுகின்றது. முன்னர் மனைவி ஓய்வாயிருக்கும் நேரம் பார்த்துக் காத்திருந்தவர், இன்று நள்ளிரவிலும் தாம் விரும்பியதை விரும்பிய வேகத்திலே கேட்கிறார். குரல் செயற்கையாக இருப்பதையிட்டு அவருக்கு எந்தக் குறையுமில்லை. "இதுக்குக் களைப்பு இல்லை, சலிப்பு இல்லை, அது போதும்" என்பார். ஆகவே பொறியை வெறுக்கும் நோக்கம் எனக்கில்லை. அது எவரிடமிருந்து கற்றது என்பதே என் கேள்வி.

இதிலே ஒரு விந்தை உண்டு. மொசில்லா அமைப்பினர் 2017இலே தொடங்கிய 'பொதுக்குரல்' என்னும் திட்டம் நல்நோக்கமுடையது. பொதுமக்கள் தம் குரலைக் கொடையாக வழங்கலாம். சேர்ந்த குரலை எவரும் கட்டணமின்றி எடுத்தாளலாம். தமிழும் அதிலே உண்டு. ஆனால் அங்கே குரல் வழங்குவதற்கு நெடுங்காலமாக இருந்து வந்த முறை யாதெனில், திரையிலே தோன்றும் வாக்கியமொன்றை உரத்து வாசிப்பதாகும். வாசிக்கத் தெரியாதவர் குரல் கொடுக்க இயலாது! எழுத்தறியாதவர்க்கே பெரிதும் வேண்டப்படும் கருவிக்கு, எழுத்தறிந்தவரின் குரலை மட்டும் ஊட்டி வளர்த்தால், அது எவருடைய பேச்சைப் புரிந்துகொள்ளும்? அம்மாவைப் போன்றவர்கள் பேசும்போது திணறுவதற்குக் குரலின் முதுமையோ பல்லின்மையோ காரணமென்று நானும் முதலிலே எண்ணினேன். அதே வயதுள்ள ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் பேச்சை அக்கருவி அட்சரம் பிசகாமல் எழுதியதைக் கண்ட பின்னரே என் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். அவருக்கும் பல்லில்லை.

தோட்டத்துரைமார் தமிழ் கற்பதற்கென்று 19ஆம் நூற்றாண்டிலே கொழும்பிலிருந்து வெளிவந்த கையேடு ஒன்றின் பெயரே 'இங்கே வா' என்பதாகும். எங்கள் மொழியை அவர்கள் கற்றார்கள் என்பது உண்மைதான்; கூப்பிடுவதற்கும் ஏவுவதற்கும் தேவையான அளவு கற்றார்கள். தொழிலாளி திருப்பிச் சொல்வதைக் கேட்பதற்கு வேண்டிய தமிழ் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. இன்றைய கொம்பனிகளை அந்தத் துரைமாரோடு சமப்படுத்துவது முற்றிலும் நியாயமன்று என்பதை அறிவேன். ஆயினும் அம்மா அந்தக் கருவியின் முன் குனிந்து, தொண்டையைச் செருமி, ஒவ்வொரு சொல்லாக உச்சரிக்க முயன்றபோது, கணக்கப்பிள்ளையின் மேசை முன்னே அவர் நிற்கும் தோற்றமே என் கண்முன் வந்தது.

இவ்வளவும் எழுதிய பின்னர், எழுதாமல் விட்டுவிடலாமா என்று பலநாள் எண்ணிய ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் லயத்திலே முதன்முதலாகப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கிய பொறி நான்தான்.

அது 1974ஆம் ஆண்டு. எனக்குப் பதினொரு வயது. லயத்துப் பிள்ளைகளுள் பிழையின்றி எழுதக் கூடியவன் என்று பெயரெடுத்திருந்தேன். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட உறவினர்க்குக் கடிதம் எழுதுவிக்க, மாலை வேளைகளிலே பெண்கள் என்னைத் தேடி வருவார்கள். ஒருநாள் அடுத்த காம்பரா அக்கா வந்தார். அவருடைய அண்ணன் குடும்பத்தோடு போய், நீலகிரியிலே தேயிலைத் தோட்டமொன்றில் வேலை பெற்றிருந்தார். தோட்டங்களிலே பட்டினி தாண்டவமாடிய காலம் அது. மாவுமில்லை, அரிசியுமில்லை, மரவள்ளிக்கிழங்கும் அரிதாயிருந்தது. அக்கா அரை மணி நேரம் பேசினார். மூன்று நாளாக அடுப்பு எரியாததைச் சொன்னார். கூடையைத் தூக்கும்போது கண் இருட்டுவதைச் சொன்னார். "சின்னவனுக்குக் காலு ரெண்டும் வீங்கிப் போச்சு, அமுக்குனா பள்ளம் விழுது, எங்களையும் அங்கிட்டுக் கூப்பிட்டுக்கண்ணே" என்று சொல்லி அழுதார்.

நான் எழுதியது இது: அன்புள்ள அண்ணா அவர்கட்கு, நாம் அனைவரும் நலம். தங்கள் நலமறிய ஆவல். இவ்விடம் விலைவாசி சற்று அதிகம். பிள்ளைகள் சுகம். மற்றவை பின்.

கடிதம் அவ்வாறுதான் தொடங்க வேண்டும், அவ்வாறுதான் முடிய வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலே கற்பித்திருந்தார்கள். கால் வீக்கத்தையும் பள்ளத்தையும் அந்த நடையிலே எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. "படிச்சுக் காட்டு ராசா" என்று அக்கா கேட்டபோது, தாளைக் கண் முன்னே பிடித்துக்கொண்டு, அதிலே இல்லாததையெல்லாம் அவருடைய சொற்களிலேயே படித்துக் காட்டினேன். அவர் மனநிறைவோடு என் தலையைத் தடவிவிட்டுப் போனார். இரண்டு மாதம் கழித்து மறுமொழி வந்தது. அனைவரும் நலமென்று அறிந்து மகிழ்ச்சி என்று அண்ணன் எழுதுவித்திருந்தார். "சின்னவன் காலப் பத்தி என்ன எழுதியிருக்கு?" என்று அக்கா கேட்டார். சீக்கிரம் குணமாகும் என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன்.

அவ்வாண்டு முடியுமுன் சின்னவன் இறந்து போனான். கடிதம் சரியாகப் போயிருந்தால் அவன் பிழைத்திருப்பானா என்பதை நான் அறியேன். நீலகிரியிலிருந்த அண்ணனும் கூலி வேலை செய்தவர்தாம். ஒப்பந்தமும் உத்தரவும் கப்பலும் அவருடைய கையிலே இருக்கவில்லை. ஆயினும் ஐம்பது ஆண்டுகளாக அந்தத் தாளை நான் மறக்கவில்லை. அம்மாவிடம்கூட இதனைச் சொன்னதில்லை.

சரி, அம்மாவின் கதைக்கு வருகின்றேன். சில வாரங்களிலே அவருடைய செய்திகள் வியக்கத்தக்க வகையிலே திருந்தத் தொடங்கின. பிழையேயில்லை. "நான் நலமாக இருக்கிறேன். பிள்ளை நன்றாகப் படிக்கிறாள். மழை பெய்கிறது. நீ நலமா." இவ்வாறு வாரத்துக்கு மூன்று செய்திகள். பொறி பழகிக்கொண்டது என்று மகிழ்ந்தேன். தங்கைதான் மகிழவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை என்னை அழைத்தாள். "அம்மாவுக்கு என்னண்ணே? மறைக்காமச் சொல்லுங்க. ரேடியோவில நியூஸ் வாசிக்கிற மாதிரி அனுப்புறாங்க. நலம், நலம்னு. எங்கம்மா என்னைக்கு 'நலம்'னு பேசியிருக்காங்க?"

ஞாயிறன்று சென்று அம்மாவிடமே கேட்டேன். அவர் சிறிதும் தயங்கவில்லை. "அதுக்குப் புரியிற மாதிரித்தானே பேசணும் தம்பி? நான் கொந்தரப்புன்னா அது வேற என்னமோ படிச்சுக் காட்டுது. மாருவலின்னாலும் வேறயா இருக்கு. கடன்காரன் வந்துட்டுப் போனதச் சொன்னேன், அதயும் மாத்திப்புடுச்சு. நலம்னு சொன்னா மட்டும் நான் சொன்னபடியே திருப்பிச் சொல்லுது." பிறகு எனக்கு ஆறுதல் சொல்பவரைப் போலச் சேர்த்தார்: "அதுவும் பாவம், சின்னப் புள்ள மாதிரித்தான். தெரிஞ்சதத்தான எழுதும்."

என்னால் அவருடைய முகத்தைப் பார்க்க இயலவில்லை.

அன்றிரவு தங்கையிடம் பேசினேன். அவள் சிறிது நேரம் மௌனமாயிருந்துவிட்டு, "எழுத்து வேணாம்ணே. அம்மா குரலயே அனுப்பட்டும். இவங்கள்லாம் படுத்த பொறகு கேட்டுக்கிறேன்" என்றாள். அங்கே நள்ளிரவென்றால் இங்கே இரண்டரை மணி. பகல் முழுதும் ஓடிய உடம்புக்கு உறக்கத்திலே ஒரு பகுதி இனி இதற்குப் போகும். அவளுடைய செவிகள் அவளுக்குச் சொந்தமாவது அந்நேரத்திலேதான்.

அடுத்த ஞாயிறு, ஒலிவாங்கிப் படத்தை அழுத்திப் பூட்டிக் கருவியை அம்மாவின் கையிலே கொடுத்தேன். "எவ்வளவு நேரம் பேசலாம்?" என்றார். விரும்பியவரையில் என்றேன். "அது திருப்பிப் படிக்குமா?" படிக்காது என்றேன். மருமகளை அழைத்துக்கொண்டு, தண்ணீர்க் கேனோடு பீலிக்குப் போனேன். காம்பராக் கதவு சாத்தியிருந்தது. ஆனாலும் லயத்துச் சுவர் எதனைத்தான் மறைக்கும்? பெரட்டு, அரைப்பேர், கடன்காரன், மாருவலி என்று சொற்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. நான் மருமகளிடம் பள்ளிக்கூடத்துக் கதைகளை உரத்த குரலிலே விசாரித்தேன். கேன் நிரம்பி வழிந்தது. இரண்டாவது கேனையும் பீலியின் கீழே வைத்தோம். உள்ளே அம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.